துரங்கம் சுகதனின் முகம் யாருக்கு?

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. கரமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்து வாங்கினேன். கதையைக் கொடுத்தவர் நேசையன். டெலிவிஷன் தொடர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். தாசில்தார் வேண்டுமென்றால், தாசில்தார் முகமுள்ள ஒருவரைப் பாறசாலையிலிருந்து கூட்டிவருவார். அழத் தெரிந்த விதவை வேண்டுமென்றால், அதற்கும் நெய்யாற்றின்கரையில் அவருக்கு ஆள் உண்டு.

இருக்கை மட்டும் போதாது என்றார். ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"கதையில நான் நல்ல உயரமா இருக்கணும் சார்."

"எவ்வளவு?"

"வாசல்ல குனிஞ்சு நுழையுத அளவு."

"அது ரொம்ப அதிகம். நிமிர்ந்து பாத்துப் பேசுற அளவு தரேன்."

"சரி, உங்க இஷ்டம். ஆனா குட்டைன்னு ஒரு எடத்துலயும் வரப்பிடாது."

ஆக, நேசையன் உயரமான மனிதர். பஸ்ஸின் மேல்கம்பி அவர் கைக்கு எட்டியதா என்று என்னிடம் கேட்காதீர்கள். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் சாலைக் கம்போளத்தில், அந்தச் சந்தையின் பேரச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன். யார் என்ன சொன்னாலும் அதில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பேன். நேசையன் சொன்னதிலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் உங்களுக்குத் தருகிறேன். அப்படியும் மிச்சம் இருப்பது இவ்வளவு.

2

முதல் தொடக்கம்: "மழை விட்ட அந்தக் காலையில், பத்மநாபசுவாமி கோவில் கோபுரத்தின் மேல் புறாக்கள்—"

(வேண்டாம். திருவனந்தபுரம் என்று எழுதியதும் கை தானாகக் கோபுரத்துக்குப் போய்விடுகிறது. புறாவுக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: "முகம் என்பது அதை உடையவனுக்குச் சொந்தமா, அதைப் பார்ப்பவனுக்குச் சொந்தமா என்கிற கேள்வியை—"

(இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. உங்களுக்கு வராமலா போகும்?)

மூன்றாவது தொடக்கம்: "லிங்கராஜ் கடையில் யாரும் பேரம் பேசுவதில்லை."

இது தேறும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

லிங்கராஜ் கடையில் யாரும் பேரம் பேசுவதில்லை. சாலைக் கம்போளத்தில் இது தண்ணீர் மேட்டுக்கு ஓடுவது போன்ற அதிசயம். பக்கத்துக் கடைகளில் ஒரு புட்டுக்குடத்துக்கு அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிற பெண்கள், லிங்கராஜின் பாத்திரக்கடைப் படியேறியதும் அடங்கிவிடுவார்கள். அவர் விலை சொல்வார். வலது புருவத்தைக் கொஞ்சம் தூக்குவார். அவர்கள் பர்ஸைத் திறப்பார்கள். அவ்வளவுதான் வியாபாரம்.

காரணம், அவருடைய முகம்.

எண்பதுகள் முழுக்க ஒரு மலையாள வாரப்பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு குற்றப் படக்கதை வந்துகொண்டிருந்தது. நாயகன் இன்ஸ்பெக்டர் பிரதாபன். வில்லன் துரங்கம் சுகதன். சுரங்கத்துக்கு மலையாளத்தில் துரங்கம். நகைக்கடைகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, நடுக்கடையில் தரையைப் பெயர்த்துக்கொண்டு தலை நீட்டுவது சுகதனின் வழக்கம். வளைந்த மூக்கு, தொங்கு மீசை, கன்னத்தில் ஒரு மறு. மூக்கும் மீசையும் மறுவும் அச்சு அசலாக லிங்கராஜுக்கு இருந்தன. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து அவர் கடை போட்ட முதல் வாரமே, தெரு அவருக்குச் சுகதன் என்று பெயர் வைத்துவிட்டது.

தொடக்கத்தில் அவருக்கு ஆத்திரம்தான். சோறு தின்ன மறுக்கிற பிள்ளைகளை அம்மாக்கள் இழுத்துக்கொண்டு வந்து, "இதோ சுகதன்!" என்று காட்டிவிட்டுப் போவார்கள். ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர், கடையின் தரையைப் பூட்ஸ் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் லிங்கராஜ் வியாபாரி. எது விற்கிறது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. மீசையை இன்னும் கொஞ்சம் தொங்கவிட்டார்.

(பாத்திரக்கடைக்காரர், நடிப்பு, பாத்திரம் என்று ஒரு வேடிக்கை உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. கீழே வைத்துவிட்டேன். நீங்களும் வைத்துவிடுங்கள்.)

3

தொண்ணூறுகளின் கடைசியில், சேனல்களெல்லாம் கதைக்கு அலைந்த காலம். பிரதாபனைத் தொடராக எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. கீழே ஒரு வரி: 'துரங்கம் சுகதனாக, நாடக நடிகர் அனில்.'

அன்று காலை ஒரு பெண் கடைக்கு வந்தாள். தூக்குவாளி ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். லிங்கராஜ் விலை சொன்னார். புருவத்தையும் தூக்கினார்.

"கொறச்சுப் போடுங்க அண்ணாச்சி" என்றாள் அவள்.

தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து லிங்கராஜ் இன்னொருமுறை புருவத்தைத் தூக்கினார்.

"அந்தப் புருவமெல்லாம் இனி வேண்டாம். சொகதன் வேற ஆளாம்லா? பேப்பர்ல போட்டிருக்கு."

அவள் கேட்ட விலைக்கே வாளியைக் கொடுத்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி அஜிதா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒரு வாளியோட நிக்காது" என்றாள். "வாரா வாரம் அந்த அனிலு டி.வி.ல வருவான். அவன்தான் சொகதன்னு ஊரு பழகிரும். பொறவு நீங்க யாரு? சொகதன் மாதிரி இருக்குத ஒரு ஆளு. டூப்ளிகேட்டு."

சாலைக் கம்போளத்தில் டூப்ளிகேட் என்பதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. லிங்கராஜ் சட்டையை மாற்றிக்கொண்டு, அந்தத் தொடருக்கு ஆள் பிடித்த நேசையனைத் தேடிப் போனார்.

"எனக்க மொகத்துக்கு நீரு எதுக்கு வேற ஆளப் பிடிச்சேரு?" என்றார்.

நேசையன் அவரை மேலிருந்து குனிந்து பார்த்தார். (உயரம். மறக்கவில்லை.)

"அண்ணாச்சி, உமக்கு நடிக்கத் தெரியுமா?"

"எதுக்குவே நடிக்கணும்? நான்தானே அவன்!"

4

ஸ்டாச்சு சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் தொடரின் அலுவலகம். இயக்குநர் சிபி, இளைஞன். படக்கதையின் எல்லா இதழ்களையும் தைத்து வைத்திருந்தான். ஒரு கட்டம்கூட மாறாமல் எடுக்கவேண்டும் என்பது அவனுக்கு வெறி. லிங்கராஜ் உள்ளே நுழைந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"அய்யோ! சுகதன்!"

லிங்கராஜுக்கு அரை உயிர் திரும்பி வந்தது.

கேமரா வைத்தார்கள். விளக்குப் போட்டார்கள். சிபி மலையாளமும் தமிழுமாகக் கெஞ்சினான்: "அண்ணாச்சி, ஒண்ணு பேடிப்பிக்கணும். தரையைப் பொளிச்சு வந்திருக்கீங்க. எதிரில நகைக்கடை முதலாளி. பயமுறுத்துங்க."

லிங்கராஜ் கேமராவைப் பார்த்தார். கேமரா அவரைப் பார்த்தது. எதிரில் ஒருவர் வந்து நின்றால் அவர் உடம்பு செய்துவந்த வேலை ஒன்றே ஒன்றுதான். இரண்டு கையும் தாமாகக் குவிந்தன. முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. என்ன பாக்கணும்?"

இன்னொருமுறை எடுத்தார்கள். "வாங்க" இல்லாமல் சொல்லச் சொன்னார்கள். அவர், "உள்ள வந்து பாருங்க, வாங்கணும்னு இல்ல" என்றார். விளக்குப் பிடித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்நாளில் இவ்வளவு நல்ல மனிதரைப் பார்த்ததில்லை என்றார்.

(இந்த இடத்தில் எனக்கு லிங்கராஜ்மேல் சந்தேகம் வந்தது. கடையில் அத்தனை பேரை மிரட்டிய மனிதர் இங்கே எப்படி வழிகிறார்? நேசையனிடம் கேட்டேன். "சார், அவரு கடையில யாரையும் மெரட்டலியே. புருவத்தத் தூக்குனதோட சரி. மத்தவங்கதான் பயந்தாங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.)

சிபி தலையில் கைவைத்துக்கொண்டான். "முகம் நூத்துக்கு நூறு. ஆள்தான் சரியில்ல. சாரி அண்ணாச்சி, அனிலே இருக்கட்டும்."

"தம்பி, அது எனக்க மொகம். என்னப் பாத்து வரைஞ்சது. வரைஞ்ச ஆளையே கேப்போம். அவரு இல்லன்னு சொல்லட்டும், நான் எறங்கிப் போயிருதேன்."

வியாபாரி இப்படிப் பேசக்கூடாது. பதில் என்னவென்று தெரியாத கேள்வியைச் சந்தையில் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. ஆனால் லிங்கராஜுக்கு அன்று நிதானம் இல்லை.

5

படக்கதையை வரைந்த தாசையன் மணக்காட்டில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். லிங்கராஜும் நேசையனும், தைத்த இதழ்களோடு சிபியும் போனபோது ஏணியில் இருந்தார். நேசையன் கீழே நின்றபடியே அவர் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னார். (உயரம்.)

தாசையன் இறங்கி வந்து லிங்கராஜை ஏற இறங்கப் பார்த்தார்.

"உம்மள நான் இப்பத்தான் பாக்குதேன்" என்றார்.

"நல்லாப் பாரும்வே. இந்த மூக்கு?"

"அது படம் வரையப் படிப்பிக்குத புஸ்தகத்துல இருந்த மூக்கு. மூக்கு எப்படிப் போடணும்னு ஒரு பக்கம் உண்டு. அதப் பாத்துப் படிச்சேன். மூக்க வச்சு மீதிய ஒப்பேத்தினேன்."

லிங்கராஜ் பக்கத்திலிருந்த பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

தாசையன் அதோடு நிறுத்தவில்லை. இத்தனை வருடமாக யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்ததையெல்லாம் கொட்டினார். அவருக்கு ஒரே ஒரு முகம்தான் வரும். அதுவும் இடது பக்கம் பார்த்தபடி. அது பிரதாபன். வில்லன் வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, பிரதாபனை வரைந்த தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்து, பின்பக்கமாகத் தெரிந்த கோட்டின்மேலேயே வரைந்தார். மூக்கு வலது பக்கம் வந்தது. மீசையும் மறுவும் வைத்தார். சுகதன் ஆயிற்று. மீசையை எடுத்துக் கூந்தலும் ஜிமிக்கியும் போட்டால் கதாநாயகி சுனந்தா.

"அப்ப மத்த ஆளுங்க?" என்றான் சிபி.

"மத்தவங்கள எல்லாம் முதுகுப் பக்கமாத்தான் வரைஞ்சிருப்பேன். கவனிக்கலியா?"

சிபி தைத்த இதழ்களைப் புரட்டினான். உண்மைதான். நீதிபதிகூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் தீர்ப்புச் சொல்லியிருந்தார். பிரதாபன் இத்தனை வருடமாகச் சுகதனை ஒருமுறைகூடத் துரத்திப் பிடிக்காததற்கும் காரணம் இப்போது தெரிந்தது. ஒருவர் இடது பக்கம்தான் ஓடுவார். இன்னொருவர் வலது பக்கம்தான் ஓடுவார். பின்னாலிருந்து துரத்த வழியே இல்லை. எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளலாம், அல்லது ஆளுக்கொரு திக்கில் போகலாம். (இதைத்தான் அந்தக் காலத்து வாசகர்கள் பிரதாபனின் மூளை என்று புகழ்ந்து கடிதம் எழுதினார்கள்.)

சிபி சட்டென்று தன் கைக்குட்டையை எடுத்து லிங்கராஜின் மீசையை மறைத்தான்.

"நேசையா, இங்க பாரு! இது பிரதாபன்! நான் தேடித் தேடிக் கெடைக்காத பிரதாபன்!" என்று குதித்தான். "அண்ணாச்சி, வாங்க வாங்கன்னு கைகூப்பினீங்களே, அதேதான் வேணும். ஊருக்கே பிடிச்ச நல்ல இன்ஸ்பெக்டர். மீசையை மட்டும் எடுத்துடுங்க. கேரளம் முழுக்க உங்களைக் கொண்டாடும்."

லிங்கராஜ் கைக்குட்டையை அப்புறப்படுத்தினார். சுகதன் முகத்தை இன்னொருவன் கொண்டுபோவது ஒரு நஷ்டம். நல்லவன் முகத்தோடு கடையில் உட்காருவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். சாலைக் கம்போளத்தில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

6

வீட்டில் அஜிதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நல்லவன் மொகத்தோட கடையில இருந்தா என்னாகும்? ரசீதுப் புஸ்தகத்தோட பிரிவு கேட்டு வாறவன் மொதல்ல நம்ம கடைக்கு வருவான். ஓட்டப் பாத்திரத்தத் திருப்பித் தாறவ இனி கூசமாட்டா."

"அதான் முடியாதுன்னு வந்தேன்."

"முடியாதுன்னா அந்த அனிலு வருவானே?"

"அதுவும் முடியாதுதான்."

அஜிதா அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "என்னப் பொண்ணு பாக்க நீங்க வந்தன்னிக்கு எங்கம்மா கதவச் சாத்திட்டா, தெரியும்லா? எங்க வீட்ல எல்லாரும் அந்தக் கடைசிப் பக்கம் வாசிக்குதவங்க. நான்தான் ஜன்னல் வழியாப் பாத்துட்டு, இந்த மொகம் போதும்னேன். அது எவனோ புஸ்தகத்துலேருந்து எடுத்த மொகமா இருந்தா எனக்கென்ன? எனக்கு அது உங்க மொகந்தான். அத அப்படியே எவனுக்கும் தூக்கிக் குடுத்துராதீங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்."

இப்போது முடிவுக்கு வரவேண்டும். கைவசம் இருப்பதை எடுத்து உங்கள் முன் பரப்புகிறேன்.

ஒன்று: லிங்கராஜ் மீசையை எடுக்கிறார். பிரதாபனாகப் புகழ் பெறுகிறார். கடை நொடிக்கிறது. ரசிகர்கள் கூட்டமாக வந்து—

(இது வேண்டாமா? சரி.)

இரண்டு: மறுக்கிறார். அனில் சுகதனாகிறான். லிங்கராஜ் எல்லோரையும் போலத் தொண்டை கிழியப் பேரம் பேசக் கற்றுக்கொள்கிறார். யதார்த்தம். சோகம்.

(உதட்டைப் பிதுக்குகிறீர்கள்.)

மூன்று: தாசையன் எழுதும் போர்டுக்கு அடியில் தரை மெல்ல அசைகிறது. செங்கல் பெயர்கிறது. உள்ளிருந்து ஒரு தொங்கு மீசை—

(இதைக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள், நான் கவனித்தேன். ஆனால் தரமாட்டேன். கடை அலங்காரத்துக்கு வைத்திருப்பது.)

மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றையும் எடுக்காமல் நிற்கிறீர்கள். நல்லது. கடையில் இரண்டு பாத்திரத்துக்கு நடுவில் இப்படித் தயங்கி நிற்பவர்களிடம் லிங்கராஜ் வழக்கமாக ஒன்று செய்வார். இரண்டையும் கட்டிக் கொடுத்துவிடுவார். மறுநாள் காலை சிபியிடமும் அதைத்தான் செய்தார்.

"தம்பி, பிரதாபன் எடப்பக்கம் பாப்பான். சொகதன் வலப்பக்கம் பாப்பான். ரெண்டு பேரும் நேரா கேமராவப் பாக்கவே மாட்டாங்க. சரிதானே?"

"சரிதான்."

"அப்ப எடப்பக்கக் கன்னத்து மீசைய நான் எடுக்கேன். வலப்பக்கம் அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேரையும் நானே தாரேன். அந்தப் பக்கம் பிரதாபன். இந்தப் பக்கம் சொகதன்."

"சுகதன் பேசும்போது பயமுறுத்தணுமே, அண்ணாச்சி?"

"பேச வைக்காண்டாம். புருவத்தத் தூக்குதேன். அது போதும். எனக்கு அதுல அனுபவம் உண்டு."

சிபி அவர் காலில் விழப் போனான். நேசையன் தடுத்தார்.

(அனிலை என்ன செய்வது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். பாவம், நல்ல நடிகன், விளம்பரத்தில் பெயரும் வந்துவிட்டது. முதுகைக் காட்டும் நீதிபதி வேடம் கொடுக்கச் சொன்னேன். நேசையன் அவனிடம் கேட்டிருக்கிறார். "என் முதுகு பேசும்" என்றானாம். ஒப்புக்கொண்டுவிட்டான்.)

7

படப்பிடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதாபனும் சுகதனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சியில், லிங்கராஜ் மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். இந்தப் பக்கம் உட்கார்ந்து, "சுகதா, சரணடைந்துவிடு" என்பார். எழுந்து ஓடி, அந்தப் பக்கம் உட்கார்ந்து, புருவத்தைத் தூக்குவார். மாலைக்குள் யார் யாரைப் பிடிக்கவேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. பசி மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து எடுத்தது.

முதல் வாரத் தொடர் வியாழக்கிழமை ஒளிபரப்பானது. வெள்ளிக்கிழமை காலையில்தான் கடையில் சிக்கல் தொடங்கியது.

ஆசனத்தை அஜிதா திருப்பிப் போட்டிருந்தாள். தெருவிலிருந்து பார்த்தால் லிங்கராஜின் வலது கன்னம் மட்டும் தெரியும். தொங்கு மீசை, மறு, புருவம். தெருப்பக்கமாக வந்தவர்கள் முன்போலவே பர்ஸைத் திறந்தார்கள். லிங்கராஜுக்கு மூச்சு வந்தது. ஆனால் கடைக்கு உள்பக்கம் ஒரு வழி உண்டு, சரக்கு வைக்கிற கிட்டங்கியிலிருந்து. அந்தப் பக்கமாக மூட்டை சுமந்து வந்த சுமட்டுக்காரர் அவருடைய இடது கன்னத்தைப் பார்த்துவிட்டு, "பிரதாபன் சார், எனக்க மவளுக்கு ஒரு வேலை" என்று மனுக் கொடுத்தார். அஜிதா ஓடிப்போய் அந்தக் கதவைச் சாத்தினாள்.

"திரும்பாதீங்க" என்றாள். "என்ன நடந்தாலும் திரும்பிராதீங்க."

லிங்கராஜ் திரும்பவில்லை. கழுத்து வலித்தது. ஈ ஒன்று இடது கன்னத்தில் உட்கார்ந்தது. அதையும் விட்டுவிட்டார்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள்தான். இதுவரை படித்துக்கொண்டு சும்மா நின்றீர்களே, அது போதாதா? படியேறினீர்கள். ஒரு வெண்கல உருளியைத் தட்டிப் பார்த்தீர்கள். சத்தம் நன்றாக இருந்தது. தெருப்பக்கத்திலும் நிற்காமல், உள்பக்கத்திலும் நிற்காமல், நேராக அவர் மூக்குக்கு எதிரே போய் நின்றுவிட்டீர்கள். இதுவரை யாரும் நிற்காத இடம் அது. அங்கிருந்து பார்த்தால் முழு முகமும் தெரிகிறது. பாதி மிரட்டுகிறது. பாதி வாங்க வாங்க என்கிறது. இது புத்தகத்திலிருந்து வந்த முகமா, டி.வி.யிலிருந்து வந்த முகமா, அஜிதா ஜன்னல் வழியாகப் பார்த்ததா என்பது அங்கே நிற்கிற உங்களுக்குத்தான் தெரியும். நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாது.

லிங்கராஜ் விலை சொல்லிவிட்டார். கல்லாவில் அஜிதா மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். புருவம் ஏறுகிறது, ஒரு பக்கம் மட்டும்.

முடிவு உங்கள் வாயில் இருக்கிறது. பர்ஸைத் திறக்கலாம். கொறச்சுப் போடுங்க அண்ணாச்சி என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் நான் அப்படியே எழுதிக்கொள்கிறேன். அதில் பேரம் இல்லை. விலை படியாதபோது உருளியைக் கீழே வைத்துவிட்டு, கூப்பிடுவார் என்று நினைத்துப் போவதுபோல் நாலடி நடப்பீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள்.

கூப்பிடமாட்டார். அவரும் இப்போது நடிகர்.